என் பெயர் வெட்டிய கல்

உயிரோடு இருக்கும்போதே தன் பெயர் வெட்டிய சுமைதாங்கிக் கல்லில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தவள், கொல்லிமலை வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. வெட்கமும் உண்டு. அந்தக் கல் வந்து சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் என் வாய். மீதிப் பாதி என் கொழுந்தனுடைய கண்.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். ரோடு வரப்போகிறது என்று அடிவாரத்தில் கல் உடைத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். குவியல்தான் வளர்ந்தது, ரோடு வளரவில்லை. மேலே போக வேண்டுமென்றால் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். மலைமேல் ஊர்க் கூட்டம் ஒவ்வொன்றையும் நாடு என்போம். திருப்புலி நாட்டு மிளகு, குண்டனி நாட்டுப் பலாப்பழம், தேவனூர் நாட்டுச் சாமை என்று எல்லாம் தலைச்சுமையாகச் சந்தைக்கு இறங்கும். உப்பு, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் தலைச்சுமையாக மேலே ஏறும். காலையில் ஏறத் தொடங்கினால் மேல் விளிம்பைத் தொடும்போது உச்சி வெயில் தாண்டிவிடும்.

என் வீட்டுக்காரரும் சுமை தூக்கி வியாபாரம் செய்தவர்தான். கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் முழுச் சுமையோடு ஏறிவிட்டு வந்து, "ஏம்புள்ள, எனக்கு மூணு எடத்துல மூச்சு வாங்குச்சு. எனக்கு வாங்குற எடத்துலதான ஊருக்கே வாங்கும்? அங்க கடை போட்டா என்ன?" என்றார். அவர் வாழ்க்கையில் யோசித்த ஒரே யோசனை அதுதான். ஆனால் நல்ல யோசனை. மூன்று இடத்திலும் ஓலைக் கொட்டாய் போட்டோம். கீழ்க்கொட்டாய், நடுக்கொட்டாய், மேல்கொட்டாய். மூன்றிலும் ஒரே அளவு பானை, ஒரே கூழ், ஒரே சுக்குக் காப்பி. மூட்டையை நடுக்கொட்டாயில் போட்டுவிட்டு ஒருவர் மேலே திரும்பிப் போய்விட்டாலும், மறுநாள் அது கீழ்க்கொட்டாயில் அவருக்காகக் காத்திருக்கும். ஒரு கருப்பட்டி காணாமல் போனதில்லை.

மேல்கொட்டாய் எனக்கும் அவருக்கும். நடுக்கொட்டாயைக் குண்டனி நாட்டுக்காரி ஒருத்தி பார்த்துக்கொண்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கீழ்க்கொட்டாய் என் கொழுந்தனிடம்.

கொழுந்தன் கெட்டிக்காரன். கூழ் மீந்துபோகாமல் இருக்க அவன் ஒரு வழி வைத்திருந்தான். கீழ்க்கொட்டாயிலிருந்து அண்ணாந்து பார்த்தால், பாதை ஒரே ஓர் இடத்தில் மரம் இல்லாமல் வெளியே தெரியும். மொட்டை வளைவு என்று சொல்வோம். அங்கே தலை தெரிந்தால் அரை மணி நேரத்தில் ஆள் கீழே இருப்பார். இவன் வாசலில் நின்றபடி வளைவில் வருகிற தலைகளை எண்ணுவான். பத்துத் தலை என்றால் பத்துப் பேருக்கு உலை வைப்பான். இறங்கி வருகிறவன் கொட்டாய்க்குள் காலை வைக்கும்போது காப்பி கொதித்திருக்கும். "நான் வர்றது உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்பவர்களிடம், கனவில் கண்டதாகச் சொல்வான்.

கீழ்க்கொட்டாய் இருந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்லை ஊன்றி மேலே ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்களே, அதுதான். துணைக்கு ஆள் இல்லாதவன்கூடத் தலைச்சுமையை நின்றவாக்கில் அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறலாம். பிள்ளை பெறாமல் வயிற்றோடு செத்துப்போன பெண்ணுக்காக நடுகிற கல் அது. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை இறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் கொடுக்கிறார்கள் என்று நம்பிக்கை. பெண்ணின் பெயரையும் கல்லில் வெட்டியிருப்பார்கள்.

அடிவாரத்துக் கல்லில் இருந்தது என் அம்மாவின் பெயர்.

அப்போது எனக்கு ஆறு வயது. அம்மா வலி எடுத்து இரண்டு நாள் கிடந்ததும், மூன்றாம் நாள் வீடு திடீரென்று அமைதியானதும் நினைவிருக்கிறது. அப்பா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடிவாரத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி எங்கள் ஊர். சொந்தக் காட்டில் சோளமும் கடலையும் போட்டுக்கொண்டு என்னை வளர்த்தார். கல்லை நட்டவரே அவர்தான், ஆனால் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். நாங்கள் அதன் பக்கத்திலேயே கொட்டாய் போட்டபோது எதுவும் சொல்லவில்லை. ஒருநாளும் வந்து உட்காரவும் இல்லை.

இன்னொன்று, அப்பா எதிலும் முந்திரிக்கொட்டை. என் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே பந்தல் போட்டு, வாழை மரம் கட்டி, முகூர்த்த நாளில் வாடின வாழைக்கு அடியில் என்னை உட்கார வைத்தவர். நான் உண்டானது தெரிந்ததும் மூன்றாம் மாசமே தொட்டில் கம்பு வெட்டிவிட்டார். ஏழாம் மாசம் அவரே மேலே ஏறி வந்து, "ஊட்டுக்கு வா கண்ணு, கீழயே இருந்துக்கலாம்" என்றார். பலாப்பழம் இறங்குகிற காலம். கொட்டாயில் கூட்டம் நெரிந்தது. "அடுத்த மாசம் வாரேனுங்கப்பா" என்றேன். அவர் கெஞ்சினார். நான் கத்தினேன். எனக்கு அப்போது கோபம் மூக்கின்மேல் இருக்கும். இப்போதும் அப்படித்தான், மூக்குதான் சுருங்கிவிட்டது.

உண்மையைச் சொன்னால், கூட்டம் ஒரு சாக்கு. எனக்குப் பயம். வயிற்றோடு அம்மாவின் கல்லைத் தாண்டிப் போகப் பயம். ஒரு மாசம் தள்ளிப்போட்டால் அந்தப் பயம் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, கூடியது.

எட்டாம் மாசக் கடைசியில் ஒரு விடியற்காலை வலி வந்துவிட்டது. மேலே இருந்த மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "தலை மேல கெடக்குது. எங்கையால ஆவாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்று என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துச் சொன்னாள். தனியாகத்தான் சொன்னாள், ஆனால் ஓலைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்று சொன்னாள். அம்மாவைப் போலத்தான் எனக்கும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் நாலு ஆட்களைக் கூட்டிவந்தார். எங்கள் மூட்டைகளைச் சுமக்கிறவர்கள்தான். கயிற்றுக் கட்டிலின் இரண்டு பக்கமும் நீள மூங்கிலைக் கட்டி, என்னைப் படுக்கவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தலை முன்னே, கால் பின்னே. எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர்களைத் தூக்கினால் அப்படித்தான் தூக்குவார்கள். கால் முன்னே போவது பிணம். அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடுக்கொட்டாய் வரை பாதை அவ்வளவு மோசமில்லை. அக்கா சத்தம் கேட்டு எதிரே ஓடிவந்தாள். தூக்கி வந்தவர்களுக்குத் தோள் கழன்றுபோயிருந்தது, கட்டிலை இறக்கி வைக்க இடம் தேடினார்கள். எங்கே வைப்பது? அந்தச் சரிவில் தரையில் வைத்தால் கட்டில் உருண்டுவிடும். மூட்டை இறக்கவும் ஆள் உட்காரவும் வசதியாகப் பார்த்துப் பார்த்துக் கொட்டாய் போட்ட நாங்கள், ஒரு நோயாளியை இறக்கி வைக்க ஒரு முழம் இடம் சமமாக வைத்திருக்கவில்லை. நாலு பேரும் கட்டிலைத் தோளில் வைத்தபடியே, ஒரு கையால் கூழ்ச் சட்டியை வாங்கிக் குடித்தார்கள். கூழ் என் மேலும் சிந்தியது.

கடையை அப்படியே போட்டுவிட்டு அக்காவும் எங்களோடு இறங்கினாள். நடுக்கொட்டாய்க்குக் கீழேதான் பாதை செங்குத்து. தலை முன்னே இருந்ததால் என் தலை கீழே போய்விட்டது, கால் மேலே நின்றது. ரத்தம் எல்லாம் முகத்துக்கு வந்தது. வயிறு நெஞ்சை அழுத்தியது. வாந்தி எடுத்தேன், அது மூக்கில் ஏறி மூச்சு அடைத்தது. வலி ஒரு பக்கம், தலைகீழாக வழுக்குவது ஒரு பக்கம்.

"திருப்புங்க! கட்டிலைத் திருப்புங்க!" என்று கத்தினேன்.

தூக்கியவர்களில் மூத்தவர் தயங்கினார். "அது ஆவாதுங்கம்மிணி. உசுரோட இருக்கற ஆளைக் கால் முன்னால கொண்டுபோவக்கூடாது."

"இப்படியே கொண்டுபோனா பொணமாத்தான் கொண்டுபோவீங்க. திருப்பப் போறீங்களா, நான் எறங்கி நடக்கட்டுமா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு மூத்தவரைப் பார்த்தாலும் பயம், என்னைப் பார்த்தாலும் பயம். அக்காதான் முன்னால் வந்து மூங்கிலைப் பிடித்தாள். "பாவம் வந்தா எனக்கு வரட்டும். திருப்புங்க அண்ணா" என்றாள். திருப்பினார்கள். தலை மேலே வந்ததும் மூச்சு வந்தது. அந்த ஒரு மூச்சுக்காக அக்காவுக்கு நான் இன்றுவரை கடன்பட்டவள்.

மொட்டை வளைவை நெருங்கும்போது தூறல் பிடித்தது. மரம் இல்லாத இடம், சாரல் நேராக முகத்தில் அடித்தது. அக்கா தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து என் முகத்தை மூடினாள். வழுக்குகிற பாதை, யாரும் பேசவில்லை. கத்திக் கத்தி எனக்கும் தொண்டை போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் கீழே என் கொழுந்தன் வாசலில் நின்று வளைவில் தலை எண்ணினான்.

அவன் என்ன பார்த்தான் என்று இப்போது யோசித்தால் அவனைத் திட்ட மனம் வருவதில்லை. அப்போது வந்தது. நாலு பேர் தோளில் கட்டில். கால் முன்னே. முகத்தில் வெள்ளைத் துணி. பின்னால் தலை குனிந்தபடி அண்ணன், பக்கத்தில் நடுக்கொட்டாய்க்காரி. பேச்சு மூச்சு இல்லை. வேறு என்ன நினைப்பான்? சாவு விழுந்தால் அடுப்பு எரியக்கூடாது என்று, கொதித்துக்கொண்டிருந்த உலையைக் கவிழ்த்து நெருப்பை அணைத்துவிட்டு, எங்கள் அப்பாவிடம் சொல்ல இரண்டு மைலும் ஓடியிருக்கிறான்.

நாங்கள் கீழே வந்தோம். கீழ்க்கொட்டாயில் ஆளைக் காணோம். அடுப்பு ஈரச் சாம்பலாகக் கிடந்தது. கொட்டாய் போட்ட நாளிலிருந்து பகலில் அணையாத அடுப்பு. வெந்நீர் வேண்டும் என்று அக்கா பரபரத்தாள், ஒரு சொட்டு இல்லை. "இந்த நேரம் பாத்து எங்க போய்த் தொலைஞ்சான்?" என்று என் வீட்டுக்காரர் முதல்முறையாக வாய் திறந்து தம்பியைத் திட்டினார்.

தூக்கி வந்தவர்கள் அங்கேயும் கட்டிலை இறக்கவில்லை. கண்ணெதிரே சுமைதாங்கி இருந்தது, தோள் ரணமாகியிருந்தது, ஆனாலும் வயிற்றுப்பிள்ளைக்காரியை அதன் பக்கத்தில் நிறுத்தக்கூடாது என்று சுற்றிக்கொண்டு ஓடினார்கள். நான் துண்டை விலக்கி அம்மாவின் கல்லைப் பார்த்தேன். ஒரு நொடிதான். இவ்வளவு மாசமாக எதற்குப் பயந்தேனோ அது தாண்டிப் போய்விட்டது. கல் சும்மா நின்றது. மேலே யாரோ வைத்துவிட்டுப் போன வாழைத்தார் ஒன்று இருந்தது.

ரோடு வேலைக்கு ஜல்லி கொட்டிவிட்டுத் திரும்பிய லாரி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் எதுவும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார். கட்டிலோடு ஏற்றினார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலத்துக்குள் என் மகள் பிறந்தாள். டாக்டரம்மா என்னென்னவோ செய்தார்கள், அதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. "கால் முன்னால வந்த பொண்ணும்மா, அதிர்ஷ்டம் உனக்கு" என்று நர்ஸ் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. பெற்ற நானும் கால் முன்னால், மகளும் கால் முன்னால். சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடம் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

இதற்குள் அப்பா பட்ட பாடு தனிக் கதை.

கொழுந்தன் சொன்னதைக் கேட்டதும் அவர் அழவில்லையாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு ஓடியிருக்கிறார். கொட்டாயில் யாரும் இல்லை. சற்றுத் தள்ளிக் கல் உடைத்துக்கொண்டிருந்த கல்தச்சரிடம் கேட்டால், "ஆமாங்க, ஒரு பொம்பளையக் கட்டலோட லாரியில ஏத்திட்டுப் போனாங்க, மூஞ்சி மூடியிருந்துச்சு" என்று அவரும் சொல்லிவிட்டார். அப்பா போய், இருபது வருஷமாகக் கிட்டப் போகாத அந்தச் சுமைதாங்கியின் அடியில் உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து வந்து கல்தச்சரிடம், "இதே அளவுல இன்னொண்ணு வேணும். இதுக்குப் பக்கத்துலயே நட்டறலாம்" என்று சொல்லி என் பெயரையும் சொல்லியிருக்கிறார். சாவு வீட்டில்கூட முந்திரிக்கொட்டை.

அதன்பிறகு, பிணம் புகுந்த வீட்டுக்குத்தான் போயிருக்கும் என்று அப்பா என் வீட்டுக்காரருடைய ஊருக்குப் போயிருக்கிறார். அங்கே அது இல்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்க்க வைத்திருப்பார்கள் என்று யாரோ சொல்ல, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டவுனுக்கு வந்துவிட்டார். பிறந்த வீட்டார் பிணத்துக்குப் போடுகிற கோடிப் புடவை கக்கத்தில்.

அந்த நேரம் நான் கட்டிலில் உட்கார்ந்து பன்னைக் காப்பியில் முக்கித் தின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் முழுக்கப் பட்டினி. மூன்றாவது பன். கதவுப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்தால் அப்பா. சவரம் செய்யாத முகம், சேறு காய்ந்த கால். கக்கத்தில் புதுத்துணி.

பிள்ளை பிறந்த செய்தி கேட்டுத் துணி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "வாங்கப்பா, அதுக்குள்ள சேதி வந்துருச்சா?" என்றேன், வாய் நிறையப் பன்னோடு.

அவர் என்னையே பார்த்தார். பிறகு பக்கத்தில் துணிக்குள் அசைந்ததைப் பார்த்தார். பிறகு மறுபடி என்னை. அவர் முகம் கோணிக்கொண்டு போனது.

"ஏங் கண்ணு, உனக்கு அறிவிருக்குதா?" என்று கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது. "ஏழாம் மாசமே வான்னனே, கேட்டியா? கேட்டியா நீ?"

கத்திக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் வாயை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழாயடியில் துணி அலசப் போயிருந்த அக்கா வந்து, கக்கத்துத் துணியைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான் செத்துப்போய் ஒரு நாள் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டபோது எனக்குப் பயமாக இல்லை. எவ்வளவோ காலமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. வரவேண்டிய சாவு வந்து, ஆளைக் காணாமல் திரும்பிப் போய்விட்டது என்று தோன்றியது. அம்மா போனபோது அழாத அழுகையெல்லாம் அப்போது அழுதேன், சந்தோஷமாக.

அப்பா கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "அந்தக் காப்பி மிச்சம் இருக்குதா சாமி?" என்றார். டம்ளரைக் கொடுத்தேன். ஆறிப்போன காப்பியை அண்ணாந்து குடித்துவிட்டுப் பேத்தியை எட்டிப் பார்த்தார். கோடிப் புடவையை அக்கா இரண்டாகக் கிழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே தூளி கட்டிவிட்டாள். பிணத்துக்கு வாங்கின துணியாயிற்றே என்று அப்பா பதறினார். "பொணம்தான் பன்னுத் திங்குதே, அப்பறம் என்னங்க?" என்றாள் அக்கா.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அந்தச் சந்தோஷத்தில் அப்பா ஒன்றை மறந்துவிட்டார். எதையும் முந்திச் செய்கிறவர், அதைப் பிந்திக்கூடச் செய்யவில்லை.

இருபது நாள் கழித்து, அப்பா வீட்டில் நான் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கல்தச்சர் வாசலில் வந்து நின்றார். "கல்லு ஆயிருச்சுங்க. பேரும் வெட்டியாச்சு. எப்பங்க நடறது?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். கல்தச்சரும் என்னைப் பார்த்தார். "இந்த அம்மிணி யாருங்க?" என்று கேட்டார். அப்பா என் பெயரைச் சொன்னார். கல்தச்சருக்கு உளி கையிலிருந்து நழுவியது.

அன்றிலிருந்து அந்தக் கல் அப்பாவைத் தின்னத் தொடங்கியது. நட முடியாது. வீடு கட்டுகிற வேலைக்குப் போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். உடைத்துவிடச் சொன்னால், சுமைதாங்கிக்கென்று பெயர் வெட்டின கல்லை உடைக்க மாட்டேன் என்றார் கல்தச்சர். கிணற்றில் போடலாம் என்றார் ஒருவர். "என்ற பொண்ணு பேரைக் கெணத்துல போடறதா?" என்று அப்பா அவரை அடிக்கப் போய்விட்டார். கடைசியில் கீழ்க்கொட்டாய்க்குப் பின்னால் கொண்டுவந்து போட்டு, கண்ணில் படாமல் வைக்கோலால் மூடினார்கள். மூடினாலும் அப்பாவுக்குத் தெரியுமே. கல் ஆளைக் கேட்கும் என்று அவர் நினைப்பு. பெயர் வெட்டியாகிவிட்டது, ஆள் வராமல் விடாது என்று. எனக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், மூன்று வேளை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சோறு இறங்கவில்லை அவருக்கு. மாசம் மூன்றாகியும் மலைக்குத் திரும்ப விடவில்லை. பிழைத்து வந்த மகளை வீட்டில் வைத்துக்கொண்டு, செத்தவளுக்குப் படுகிற துக்கத்தைப் பட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குக் கீழே பயமும் இருந்தது. இந்த மனுஷன் இப்படியே உருகினால் அவருக்குத்தான் கல் நட வேண்டியிருக்கும்.

ஒருநாள் பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோது நடுக்கொட்டாயில் தோளில் கட்டிலோடு நின்ற நாலு பேரும் நினைவுக்கு வந்தார்கள். கூழ் சிந்தியதும் நினைவுக்கு வந்தது. உடனே எழுந்து, எங்களைப் பார்க்க வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அந்தக் கல்லை நடுக்கொட்டாய்க்கு ஏத்தோணும்."

"எதுக்கு புள்ள?"

"கட்டலு எறக்கறதுக்கு."

பாதைக்கு மேல்பக்கம் மண்கரை. கீழ்ப்பக்கம் இரண்டு கால் கல்லையும் ஆழமாகப் புதைத்து, நீளக் கல்லை இடுப்பு உயரத்துக்கும் தாழ்வாக உட்கார வைத்தால், கரையில் அதே மட்டத்துக்கு ஒரு படி வெட்டிவிட்டால், மூங்கிலின் ஒரு முனை கரையிலும் மறுமுனை கல்லிலும் தங்கும். கட்டில் சரியாமல் சமமாக நிற்கும். தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்ற பேச்சே வேண்டாம். என் வீட்டுக்காரர் ஒரு குச்சியால் தரையில் கோடு போட்டுப் பார்த்து, ஆகும் என்றார். என்னைத் தூக்கி இறக்கிய அதே நாலு பேர்தான் கல்லைத் தூக்கி ஏற்றினார்கள். "அம்மிணியவிட இந்தம்மிணி கனம் கம்மிதானுங்க, கத்தவும் காணோம்" என்றார் மூத்தவர். அப்பாவிடம் சொல்லாமல்தான் செய்தேன். பெயரைச் செதுக்கி எடுத்துவிடட்டுமா என்று கல்தச்சர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். அழகாகத்தான் வெட்டியிருந்தார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் நடுக்கொட்டாய்க்கே குடி வந்துவிட்டேன். அப்பா விஷயம் தெரிந்து, என்னைத் திரும்பக் கூட்டிப்போவதற்கு மூச்சிரைக்க ஏறி வந்தார். வந்தவர் கல்லைப் பார்த்துவிட்டு, தள்ளி ஒரு பாறை ஓரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். "கௌம்பு கண்ணு, இங்க இருக்க வேண்டாம்" என்று பாறையைப் பார்த்துச் சொன்னார்.

நான் சண்டைக்குத் தயாரானபோது மேலே சத்தம் கேட்டது. தேவனூர் நாட்டிலிருந்து ஒரு கட்டில் இறங்கி வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி. தூக்கி வந்தவர்களுக்கு நாக்குத் தள்ளியிருந்தது. கல்லைக் கண்டதும் ஆவலாக வந்து, பெயரைக் கண்டதும் நின்றுவிட்டார்கள்.

"இது சுமதாங்கிக் கல்லாச்சுங்களே. மாசமா இருக்கறவளை இதுல எறக்கலாமுங்களா?"

அக்கா கூழ்ச் சட்டியைக் கழுவிக்கொண்டே என்னைக் கைகாட்டினாள். "இந்தக் கல்லுக்கு ஒடையவ அங்க சுக்கு இடிச்சிட்டு நிக்கிறா, அவளையே கேட்டுக்குங்க."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு உலக்கையைப் பிடித்தபடி நின்றேன். "எறக்குங்கண்ணா. நான் சாவாதவ. புள்ளையும் பொழைச்சுக்கிச்சு" என்றேன். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கட்டில் கல்லில் உட்கார்ந்தது, ஆடவில்லை. அந்தப் பெண் முழங்கையை ஊன்றி எழுந்து, நான் கொடுத்த வெந்நீரை வாங்கிக் குடித்தாள். "அக்கா, வலிக்குமா?" என்று கேட்டாள். வலிக்கும் என்றேன். என் மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். தோள் ஆறியதும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பாறை ஓரம் நின்ற அப்பா அவர்கள் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று என்னைக் கூப்பிடாமல் தனியாகவே இறங்கிப் போனார். பன்னிரண்டாம் நாள் அந்தப் பெண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து மேலே வந்தாள். கீழே முதலில் அப்பாதான் அவளைப் பார்த்திருக்கிறார். அவள் புருஷன் கையிலிருந்த மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் ஓடிவந்து எனக்குச் செய்தி சொன்னார். இதிலும் முந்திக்கொண்டார்.

மூட்டையை என் கல்லில் இறக்கினார். அவர் ஒரு சுமைதாங்கியில் சுமை இறக்கியதை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மூச்சு வாங்கியது. ஆனால் உட்காரவில்லை. உள்ளங்கையால் என் பெயரை மூடிக்கொண்டு, கொட்டாய்ப் பக்கம் திரும்பி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, எப்போதும் கண்ணுதான்.

"ஏனுங்கப்பா?" என்றேன் உள்ளேயிருந்து.

கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு அறுபதுகளில் லாரி ஏறுகிற அளவுக்கு ரோடு வந்து எங்கள் கொட்டாய்கள் ரோட்டோரத்துக்கு இடம் மாறும்வரை, ஒவ்வொரு சந்தை நாளும் அப்பா வந்துகொண்டிருந்தார். வந்ததும் கல்லில் கையை வைத்து என்னைக் கூப்பிடுவார். கை வேலையாக இருந்தாலும், அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளாக இருந்தாலும், நான் உடனே பதில் சொல்லிவிடுவேன். பதில் வந்த பிறகுதான் உட்காருவார், காப்பி கேட்பார்.